ஏழாம் நம்பர் கரித் தகடு

காற்றைக் குடித்து மின்சாரம் தரும் பேட்டரிக்குக் கரித் தகடு செய்வது எங்கள் தொழில். கேட்க ஜோராக இருக்கும், செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன பாடு என்று.

மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் தலையணை உறையில் கறுப்பு ஒட்டுகிறதா உங்களுக்கு? மூக்கைச் சிந்திவிட்டு, கைக்குட்டையை யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்ததுண்டா? அப்படியென்றால் நீங்களும் நம் கட்சிதான், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் சொல்லப்போவது 1991-ஆம் வருஷத்துச் சங்கதி. ஒரகடத்துப் பக்கம் அப்போது கம்பெனி பஸ்ஸும் கிடையாது, கார் தொழிற்சாலையும் கிடையாது. முள்காட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். எம்.டி. சம்பந்தம் சார், கெமிஸ்ட் நான், மற்றபடி ஒன்பது பேர். நான் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். இருபத்தாறு வயது, எம்.எஸ்ஸி. பட்டம், நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கப்போகிறோம் என்ற நினைப்பு வேறு.

கறிக் கம்பெனி

ஷெட்டுக்குப் போர்டு எழுத ஒரு பெயிண்டரைப் பிடித்து வந்தேன். கம்பெனியின் இங்கிலீஷ் பெயருக்குக் கீழே 'கரித் தகடு தயாரிப்பாளர்கள்' என்று எழுதவேண்டும். அதைத் தாளில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னது என் தப்பு. நம் பக்கத்து நாக்கில் சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் ஒன்றுதானே. மத்தியானம் வெளியே வந்து பார்த்தால் 'கறித் தகடு' என்று சிவப்பில் பளிச்சென்று எழுதிவிட்டு பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருக்கிறார். மாற்றுங்கள் என்றேன். முதலில் இது காயட்டும், நாளைக்கு வருகிறேன் என்று போனவர் போனவர்தான்.

அன்றிலிருந்து கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்தில் விசில் ஊதும்போது பஸ்ஸே என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சோதனை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வந்திருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் ஒயர் கூடையோடு உள்ளே வந்து, என் ஏப்ரனையும் கையுறையையும் மேலும் கீழும் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் கூடையை நீட்டிவிட்டார்.

"மருமவப் புள்ள வந்துகிறாரு. நெஞ்செலும்பா பாத்து ஒரு கிலோ போடும்மா, கொழுப்பு வாணாம்."

தொண்ணூற்றொன்பதுக்கு ஃபாரம் இல்லை

எங்கள் தகட்டை வாங்குவதாகச் சொன்னது ஒரே ஒரு அரசாங்க ஆபீஸ். கரண்ட் கம்பி போகாத இடங்களில் விளக்கு எரிய அவர்களுக்கு பேட்டரி வேண்டும். பேட்டரியின் ஒரு பக்கம் துத்தநாகம். மறு பக்கம் எங்கள் கரித் தகடு. விளக்கு எரியும்போது தகடு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சார்ஜ் ஏற்றும்போது அதே தகடு காற்றை வெளியே விடவேண்டும். ஒரு தடவை இறக்கி ஒரு தடவை ஏற்றினால் ஒரு சுற்று. அதற்கு முழுசாக ஒரு நாள் ஆகும். ஒரே தகடு நூறு சுற்று தாங்கினால் ஆர்டர், ஷெட்டில் பதினோரு பேருக்கும் வேலை. தாங்காவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள், நாங்களும் ஷெட்டை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். கெடு அடுத்த பொங்கல்.

இதைச் சொல்லிவிட்டுப் போக வந்த ஆபீசர் இளநீர் குடித்தார், தகட்டை விரலால் தடவினார், கறுப்பான விரலை எங்கள் காலண்டரில் துடைத்தார். எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் முயற்சி செய்து தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டால் கொஞ்சம் பரிசீலிப்பீர்களா சார் என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை, பாவம். என்னைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"நூறுக்கு ஒரு ஃபாரம் இருக்கு, ஃபெயிலுக்கு ஒரு ஃபாரம் இருக்கு, தொண்ணூத்தொம்பதுக்கு எங்ககிட்ட ஃபாரமே கெடையாதும்மா."

கை இல்லாத மெஷின்

கரித்தூளில், ஒட்டாத தோசைக்கல்லுக்குப் பூசுகிற டெஃப்லானைப் பாலாகக் கரைத்து ஊற்றிப் பிசைந்து, தேய்த்து, நிக்கல் வலைமேல் அழுத்தி, ஓவனில் வேகவைத்தால் தகடு. செய்முறை இவ்வளவுதான். பிசைவதற்கென்று சம்பந்தம் சார் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெஷின் வரவழைத்தார். அது இரண்டு மாதம் எங்களுக்குப் புட்டு மாதிரி உதிரி உதிரியாகத்தான் கொடுத்தது. முதல் நான்கு தகடும் ஓவனை விட்டு வெளியே எடுக்கும்போதே வெடித்திருந்தன. நான் விகிதத்தை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், கடைசியில் பக்கத்தில் நிற்பவர்கள்மேல் எரிந்து விழ ஆரம்பித்தேன்.

ஷெட்டைப் பெருக்கித் துடைக்கக் கன்னியம்மா என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், நான் அக்கா என்பேன். என் கத்தலைக் கேட்டுக்கொண்டே துடைப்பத்தைச் சாத்தி வைத்தவர், உதிரியை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி உருட்டினார். கால் மணி நேரத்தில் அது இழுத்தால் நீளும் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் வீட்டிலிருந்து பூரிக்கட்டை கொண்டுவந்தார். அன்றோடு துடைப்பம் வேறு கைக்குப் போனது, அக்கா தகடு செய்யும் ஆள் ஆனார். ஐந்தாம் நம்பர் வெடிக்கவில்லை. ஆறாம் நம்பர் இருபது சுற்று ஓடியது. மூடி போட்டு மூலையில் நிறுத்திய மெஷினை எம்.டி. சோகமாகப் பார்ப்பதைக் கண்டு அக்காதான் ஆறுதல் சொன்னார்.

"அத்த ஏன் சார் திட்டிகினு, அதுக்கு இன்னா கையா கீது பிசையறதுக்கு?"

மூச்சு

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் பல நாள் யாரும் யாரோடும் சத்தமாகப் பேசவில்லை. பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை. அந்தச் சமயம் பார்த்து நான் மெட்ராஸில் ஒரு லேபில் காட்டுவதற்காக மஞ்சள் பையில் என்ன கொண்டுபோகிறேன்? ஒரு டப்பா கறுப்புத் தூள், இரண்டு தகடு, சிவப்பும் கறுப்புமாக நாலு முழம் ஒயர். புத்தி இருக்கிற யாராவது செய்கிற வேலையா இது?

என்னை மட்டும் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. சாலையோரம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வெறும் கரி சார், பேட்டரிக்கு, இது காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும், நாம் மூச்சு விடுகிற மாதிரி என்று உளறினேன். வயதான ஏட்டு ஒருவர் தகட்டைத் தன் முன்னால் ஸ்டூலில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தபடி உட்கார்ந்தார். எம்.டி. வந்து கையெழுத்துப் போட்டு என்னை மீட்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. பையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏட்டுக்கு என்மேல் சந்தேகம் தீர்ந்திருந்தது, தகட்டின்மேல்தான் தீரவில்லை.

"மூச்சு வுடும்னு சொன்னியேம்மா, நானும் காலைலேர்ந்து பாத்துகினு கீறேன், ஒரு தபாகூட வுடலியே."

டீ நிறம்

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்டு மாதம் ஏழாம் நம்பர் தகட்டைத் தொட்டியில் பொருத்தினோம். அக்கா நான்கு நாள் பிசைந்து தேய்த்தது. முப்பது சுற்று, நாற்பது, ஐம்பது. தொட்டியில் இருந்த பொட்டாஷ் கரைசல் வெறும் தண்ணீராய்த் தெளிந்து கிடந்தது. எம்.டி. காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போவார். நான் வீட்டில் சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தேன். அறுபத்தொன்றாவது சுற்றில், செப்டம்பர் கடைசியில், கரைசல் லேசாகப் பழுப்பாகியிருந்தது. இரண்டு நாளில் நல்ல டீ நிறம். அது என்னவென்று எனக்குத் தெரியும், அதற்குத்தானே படித்தேன். சார்ஜ் ஏற்றும்போது வெளியே வருகிற ஆக்சிஜன் போகிற போக்கில் கரியையும் தின்னும். தின்ற கரி கரைந்து நிறமாக இறங்கும். அடுப்பில் ஒரு நிமிஷத்தில் எரிவது இங்கே இரண்டு மாதமாக எரிகிறது, அவ்வளவுதான். இந்தத் தகடு நூறைத் தொடாது.

ரிக்கார்டு நோட்டில் 'பழுப்பு நிறம்' என்று இரண்டு வார்த்தை எழுதவேண்டும். எழுதினால் ஃபைல் மூடும். நான் எழுதவில்லை. எம்.டி. வருவதற்கு முன்னால் கரைசலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றி, 'அளவு சரிபார்த்தேன்' என்று எழுதினேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை அதையே செய்தேன். மீட்டர் பார்க்கும் ஏழுமலை, ஐ.டி.ஐ. முடித்த ஆள், நல்ல மனுஷன், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது தடவை மட்டும் வாயைத் திறந்தார்.

"டீக்கடைக்காரங்கூட பழைய டிகாஷன கீழ ஊத்திட்டு புதுசு போட்டன்னு சொல்லிட்டுத்தான் போடுவான் மேடம்."

பளபள

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் ஓய்வு என்பது எம்.டி.யின் சட்டம். அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது. எழுபத்தெட்டாவது சுற்றோடு ஏழாம் நம்பரைக் கழற்றி, சுத்தத் தண்ணீரில் அலசி, ஒரு தட்டில் வைத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குப் பூஜை அக்கா, ஒன்று விடாமல் எல்லாத்தையும் கழுவி வைத்துவிடுங்கள் என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஆமாம், நான்தான் சொன்னேன், ஒன்று விடாமல் என்று.

அக்கா ஒன்று விடவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் ஷெட்டே புது மாப்பிள்ளையாய் நிற்கிறது. பிரஸ்ஸுக்கு மாலை, ஓவனுக்குப் பொட்டு, தராசுக்கு வாழைக்கன்று. சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் ஏழாம் நம்பர், சோப்புத் தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டி, மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமும் இட்டு. சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் ஒட்டாமல் ஓடுகிற மாதிரி அந்தத் தகட்டிலும் ஈரம் ஒட்டக்கூடாது. ஒட்டாதவரைதான் அதன் துளைகள் வழியாகக் காற்று போகும். சோப்புப் பட்டால் அந்தக் குணம் போய்விடும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இதை நான் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. மறுநாள் ஓவனில் வைத்துச் சூடு காட்டினேன், திரும்பப் பொருத்தினேன். ஒரு மணி நேரத்தில் தகட்டின் முதுகில் முத்து முத்தாகக் கரைசல் வேர்த்து, வழிந்து, மேஜையில் சொட்டியது. எல்லாரும் சுற்றி நின்றோம். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சாமி முன்னாடி அழுக்கா வெக்கக் கூடாதேன்னுதான் மேடம் பளபளன்னு தேச்சேன், தப்பா பூட்ச்சா?"

கடிதம்

எம்.டி. கத்தவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒப்பந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். தகடு சோதனையில் தானாகக் கெட்டால் ஃபைல் மூடப்படும். கையாளுவதில் ஆள் செய்த தவற்றால் கெட்டது என்று நிரூபித்தால், தவறு செய்தவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, புதுத் தகட்டுக்குச் சித்திரை வரை அவகாசம் கேட்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "தேய்க்கறதுக்கு முன்னாடி தகடு நல்லாதானே இருந்துது?" நான் வாயைத் திறந்தால் ஷெட்டில் பதினோரு பேருக்கும் வேலை போகும், திறக்காவிட்டால் ஒருத்திக்குப் போகும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். நோட்டில் நான் எழுதிய பொய்யும் வெளியே வரும் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. "நல்லாதான் சார் இருந்துது" என்றேன்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். இங்கிலீஷில் ஒன்று, கன்னியம்மா கையெழுத்துப் போடத் தமிழில் ஒன்று. 'என் கவனக்குறைவால் சோதனைத் தகடு பழுதடைந்தது, அதற்கு நானே முழுப் பொறுப்பு' என்று அவர் சொல்கிற மாதிரி. அக்கா எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். அவர் புருஷனுக்கு முதுகு சரியில்லை, வீட்டில் இவர் சம்பாத்தியம் ஒன்றுதான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றார். பிறகு கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினார். நான் தாளை மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"வேற எதுனா சொல்லணுமா மேடம், இல்ல நான் கெளம்பட்டா?"

எட்டு, ஒன்பது, பத்து

அவகாசம் கிடைத்தது. பிசைய ஆள் இல்லை. இரண்டு பேரை வைத்துப் பார்த்தோம், நானே உட்கார்ந்து தோள்பட்டை கழலப் பிசைந்தேன். எட்டாம் நம்பர் ஓவனில் வெடித்தது. ஒன்பது பதினொரு சுற்று ஓடியது. பத்தாம் நம்பருக்கு, இனி எதற்குக் கஷ்டம் என்று, மூலையில் இருந்த மெஷினின் மூடியை எடுத்தோம். அது பழைய மாதிரியே புட்டு கொடுத்தது. பங்குனியில் சம்பந்தம் சார் எல்லாரையும் கூப்பிட்டு, கண் கலங்கி, ஷெட்டைப் பூட்டினார். யாருடைய வேலையைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அவர்கள் எல்லாரும் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றார்கள், நானும்தான். ஏழுமலை சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்படியும் மூடறதுதான்னா, அந்தக்காவயும் கூட வெச்சினே மூடியிருக்கலாம் மேடம்."

செங்கல் சூளைக்குப் பக்கத்தில்

அடுத்த வாரம் கன்னியம்மாக்காவின் ஊருக்குப் போனேன். செங்கல் சூளையில் கல் சுமக்கிறார் என்றார்கள். வேலை விட்டு வருகிறவரைக்கும் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே வந்தவர், கன்னத்தில் செம்மண்ணோடு, வாங்க மேடம் என்று பாய் விரித்தார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை நின்றபடியே ஒப்பித்தேன். அறுபத்தொன்றாம் சுற்று, பழுப்பு, நான் கொட்டியது, எழுதாமல் விட்டது, எல்லாம். உங்களால் கெடவில்லை அக்கா, அது முன்னாடியே கெட்டுப்போயிருந்தது, தெரிந்துகொண்டே உங்கள் பெயரை எழுதினேன் என்று சொல்லி அழுதேன். அவர் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பிசைந்த மாவு எனக்குத் தெரியாதா மேடம், தேய்க்கும்போதே அது பொடிப் பொடியாகக் கையோடு வந்தது, அது செத்து ரொம்ப நாளாச்சு என்று சாதாரணமாகச் சொன்னார். அப்போதே தெரிந்திருந்தும் ஏன் அக்கா கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். குழாயை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பேனாவ கையில வெச்சிகினு எம்மா நேரம் நின்னேன், பாத்தீங்க இல்ல?"

ஆக, நூறு சுற்று தாங்கும் தகடு ஒன்று செய்ய எத்தனையோ தடவை முட்டி மோதியும் முடியாத எங்கள் ஷெட்டில், முதல் தடவையிலேயே பிசகில்லாமல் நான் செய்து முடித்தது அந்த ஒரு கடிதம்தான்.